1500 வாட் ராடு 1000 வாட்தான் காட்டுகிறது: தப்பு ராடிலா, ஒயரிலா?

தோட்டத்து வீட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “1500 வாட் என்று போட்டிருந்த ஹீட்டர் ராடு வாங்கினேன். 20 லிட்டர் வாளி சூடாக அரை மணி நேரம் ஆகிறது. பின்பக்கக் குளியலறைக்கு மெயின் போர்டிலிருந்து 30 மீட்டர் ஒயர் இழுத்திருக்கிறேன். அங்கே பிளக் பாயிண்டில் 196 வோல்ட் இருந்தது. ராடைப் போட்டுவிட்டு கிளாம்ப் மீட்டரில் பார்த்தால் 5.1 ஆம்பியர். பெருக்கினால் 1000 வாட். வகுத்தால் 38.4 ஓம். ராடைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தாலோ 35.3 ஓம். எது சரி? கடையில் ஏமாற்றிவிட்டார்களா? வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியர் ஏறும் என்று மோட்டார் காயில் கட்டுபவர் சொல்கிறாரே, எனக்கு ஏன் இறங்குகிறது?”

கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். ராடில் போட்டிருக்கும் 1500 வாட், 230 வோல்ட் வந்தால் மட்டும் கிடைப்பது. வோல்டேஜை வோல்டேஜாலேயே பெருக்கி வாட்டால் வகுத்தால் மின்தடை வரும்: 230 × 230 = 52,900; அதை 1500-ஆல் வகுத்தால் 35.3 ஓம். உங்கள் மல்டிமீட்டர் சொன்னதும் அதேதான்.

பிறகு 38.4 எங்கிருந்து வந்தது? சூடானால் ராடின் தடை கூடுமே என்று தோன்றலாம். உள்ளே இருப்பது நிக்ரோம் கம்பி; சிவக்கச் சிவக்கக் காய்ந்தாலும் அதன் தடை 5 சதவீதத்துக்கு மேல் பெரிதாக ஏறாது. தண்ணீருக்குள் இருக்கும் ராடில் அதைவிடக் குறைவு. 3 ஓம் வித்தியாசத்தை அதன் தலையில் கட்ட முடியாது. (பழைய குண்டு பல்பு வேறு சாதி. 60 வாட் பல்பு எரியும்போது 880 ஓம் இருக்கும், அணைத்து வைத்து அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது.)

நீங்கள் 196 வோல்ட் அளந்தது ராடைப் போடுவதற்கு முன்னால். 5.1 ஆம்பியர் அளந்தது போட்ட பிறகு. இரண்டு வேறு நேரத்து எண்களை வகுத்துவிட்டீர்கள். ராடு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே பாயிண்டில் வோல்டேஜைப் பாருங்கள்; 5.1 × 35.3, அதாவது 180 வோல்ட் அளவில்தான் இருக்கும். ஆகவே ராடுக்குப் போகும் சக்தி 180 × 5.1 = 918 வாட். 20 லிட்டரை 20 டிகிரி சூடேற்ற 1500 வாட்டுக்கு 19 நிமிடம், 918 வாட்டுக்கு 30 நிமிடம். உங்கள் அரை மணிக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. யூனிட் இரண்டிலும் ஏறக்குறைய அரைதான், அதனால் பில்லைப் பற்றிக் கவலை இல்லை.

என் கவலை, 196-க்கும் 180-க்கும் நடுவே காணாமல் போன அந்த 16 வோல்ட்டைப் பற்றி. நீங்கள் கண்டுபிடித்த கூடுதல் 3.1 ஓம் ராடில் இல்லை, வழியில் இருக்கிறது. கரண்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்குங்கள்: 5.1 × 5.1 × 3.1 = 80 வாட். தண்ணீரைத் தொடாமல் ஒயரிலும் ஜாயிண்டிலும் காய்வது அவ்வளவு.

அது எங்கே காய்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம். ராடு ஓடும்போது மெயின் போர்டிலும் ஒருமுறை வோல்டேஜ் பாருங்கள். அங்கே 191 என்று வைத்துக்கொள்வோம். 196-லிருந்து விழுந்த 5 வோல்ட், சர்வீஸ் லைன் (மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயர்) பக்கம். மீதி 11 வோல்ட் உங்கள் 30 மீட்டரில், 5.1-ஆல் வகுத்தால் 2.15 ஓம். முக்கால் ஸ்கொயர் (0.75 சதுர மில்லிமீட்டர் தடிமன்) ஒயர் போட்டிருந்தால்கூடப் போக வர 60 மீட்டருக்கு ஒன்றரை ஓம்தான் வர வேண்டும். எஞ்சும் 0.65 ஓம் டேப் சுற்றிய ஜாயிண்டிலோ லூஸான சாக்கெட்டிலோ உட்கார்ந்திருக்கிறது; அந்த ஒரே இடத்தில் 17 வாட். சால்டரிங் அயர்ன் 25 வாட்டிலேயே ஈயத்தை உருக்கிவிடும். இரவில் வோல்டேஜ் நன்றாக வரும்போது கரண்டும் 6 ஆம்பியருக்கு ஏறும், ஜாயிண்ட் 23 வாட்டுக்குப் போகும். ராடைப் பத்து நிமிடம் ஓட்டி, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி அதன் கால்களைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சாக்கெட்டை மாற்றுங்கள். ஒயரை ரெண்டரை ஸ்கொயராக, நடுவில் ஜாயிண்ட் இல்லாமல், 16 ஆம்பியர் சாக்கெட்டோடு இழுத்தால் அரை ஓம்கூட வராது. மெயினிலேயே 196 என்பது மின்வாரியத்தில் புகார் கொடுக்க வேண்டிய விஷயம். 230-லிருந்து 6 சதவீதம், அதாவது 216 வரைதான் குறையலாம்.

அளக்கும்போது: கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் ஒரே ஒரு ஒயர்தான் போக வேண்டும், ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து போனால் பூஜ்யம் காட்டும். ஓம் அளக்க ராடு பிளக்கிலிருந்து கழன்றிருக்க வேண்டும். அப்படியே ஒரு முனையைப் பிளக் காலிலும் மறுமுனையை ராடின் உடம்பிலும் வைத்துப் பாருங்கள். எர்த் காலைத் தவிர மற்ற இரண்டில் எது ஓம் காட்டினாலும் அந்த ராடு குப்பைக்குத்தான்.

மோட்டார்காரர் சொன்னது மோட்டாருக்குச் சரி. ராடு வெறும் தடை. வோல்டேஜ் இறங்கினால் கரண்டும் கூடவே இறங்கும். மோட்டாருக்கு அதே தண்ணீரை அதே உயரத்துக்கு ஏற்றும் வேலை இருக்கிறது, வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். அதன் காயிலை ஓம் அளந்து கரண்டைக் கணக்குப் போடவும் முடியாது: 4 ஓம் காயில் என்றால் 57 ஆம்பியர் வரும், ஓடும்போது எடுப்பதோ ஆறேழுதான். வோல்டையும் ஆம்பியரையும் பெருக்கினாலும் பவர் ஃபேக்டர் (பெருக்கி வருவதில் உண்மையில் வேலைக்குப் போகும் பங்கு) காரணமாக உண்மையான வாட் அதைவிடக் குறையும். மோட்டாரின் உண்மையான வாட் தெரிய வேண்டுமானால், அதை மட்டும் ஓடவிட்டு, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எனர்ஜி மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கை ஒரு நிமிடம் எண்ணுங்கள். யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று மீட்டரில் போட்டிருந்தால், எண்ணியதை 18.75-ஆல் பெருக்குங்கள். 60 தடவை சிமிட்டினால் 1125 வாட்.