அம்மா ஏன் பேச்சைக் குறைத்துக்கொண்டார்?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. இரண்டு ஆண்டுகளாக அல்சைமர் என்ற மறதிநோய். மயிலாப்பூரிலிருந்து சோழிங்கநல்லூரில் பத்தாவது மாடிக்குக் குடிவந்தோம். கேட்டதையே கேட்கிறார் என்பதால் உறவினர்களை வரவேண்டாம் என்றுவிட்டோம்; கோயிலும் நின்றுவிட்டது. ஆறு மாதமாகப் பேச்சே குறைந்துவருகிறது. நோய் முற்றுகிறதா, தனிமைதான் காரணமா?

பதில்: இரண்டும் இருக்கலாம். எது எவ்வளவு என்று எந்த ஸ்கேனும் பிரித்துச் சொல்லாது. ஆனால் தனிமையை நாளைக்கே குறைக்கத் தொடங்கலாம்.

அதற்கு முன் காதைப் பார்த்துவிடுங்கள். குறும்பி அடைத்த காதோடு இருப்பவரை "நோய் முற்றிவிட்டது" என்று அழைத்துவருகிறவர்கள் உண்டு. தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம் பரிசோதனைகள் தேவை. மனச்சோர்வு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஓரிரு நாளில் சட்டென்று பேச்சு குறைந்திருந்தால் கதையே வேறு. சிறுநீர்த் தொற்றாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பேச ஆள் இல்லாதபோது சொல்லைத் தேடும் பழக்கமே விட்டுப்போகிறது. பூக்காரி, எதிர்வீட்டு மாமி, சாயங்காலக் கோயில் மணி என்று பொழுதுக்கு இருந்த அடையாளங்கள் போனால், பகலில் தூக்கமும் இரவில் நடமாட்டமும் தொடங்கும். 2020 ஊரடங்கில் இதைக் கண்ணெதிரே பார்த்தோம். நாள் முழுதும் ஓடும் டிவி துணையாகாது. சீரியல் சண்டையைத் தன் வீட்டுச் சண்டை என்று நினைத்து அழுதவர்கள் இருக்கிறார்கள்.

உறவினர்களை வரச்சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஓரிருவர், காலையில், அரை மணி நேரம். "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்ற தேர்வு மட்டும் வேண்டவே வேண்டாம் (என்னிடம் கேட்டாலே எனக்குக் கோபம் வரும்). "சித்தி, ரவி வந்திருக்கிறேன்" என்று தாமே பெயர் சொல்லி உட்காரட்டும். அம்மாவின் கையில் ஆய்வதற்குக் கீரையோ கட்டுவதற்குப் பூவோ கொடுங்கள். நான் கேட்ட எதற்கும் பதில் சொல்லாத ஒரு பாட்டி, நர்ஸ் மேசையில் வைத்த உதிரி மல்லிகையை இரண்டிரண்டாக எடுத்து முடிச்சுப் போட்டபடியே, "நார் காய்ந்திருக்கிறது, நனைத்துக் கொண்டு வா" என்றார்.

கபாலீசுவரர் கோயிலுக்கும் அழைத்துப் போகலாம். பிரதோஷமோ அறுபத்துமூவர் விழாவோ இல்லாத சாதாரணக் காலையாகப் பாருங்கள். கூட்டத்தில் மிரண்டால் உடனே திரும்பிவிடுங்கள். பேச்சு முன்போல வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். உறக்கமும் முகத்தெளிவும் சற்றுத் தேறலாம்.

யாரும் வராத வீட்டில் நீங்களும்தான் தனியாகிவிட்டீர்கள். ரவி அம்மாவோடு உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணியில் கீழே இறங்கி நடந்துவிட்டு வாருங்கள். தகவலோ ஆலோசனையோ தேவைப்பட்டால் முதியோர் உதவி எண் 14567, கட்டணம் இல்லை.