மாமரம் பூக்காமல் தளிர்க்கிறதா? தண்ணீரை நிறுத்துங்கள்

காய்க்கும் வயதுள்ள மாமரங்களுக்கு, மழை ஓய்ந்ததிலிருந்து பிஞ்சு பட்டாணி அளவாகும் வரை தண்ணீர் விடாதீர்கள். உங்கள் ஊர்ப் பொதுத்தோப்பில் மரங்கள் தை மாதத்திலும் பூக்காமல் தளிர்த்தால், அதற்குத் தன்னார்வலர்கள் முறை வைத்து அக்கறையோடு ஊற்றும் தண்ணீரே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

சென்னைச் சுற்றுப்புறத்தில் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீடிப்பதால் மண்ணில் ஈரம் ஏற்கெனவே இருக்கும்; அதன்பின் மண் காய்வதும் இரவுக் குளிருமே மரத்தைப் பூக்கத் தூண்டுகின்றன.

கிளை நுனியைப் பாருங்கள். செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும் தளிர் என்றால் ஈரம் மிகுதி. கரும்பச்சை இலைகளுக்கு நடுவே மொட்டு பருத்திருந்தால் பொறுத்திருங்கள்.

சென்ற ஆண்டு குலுங்கக் காய்த்த மரம் இவ்வாண்டு ஓய்வெடுக்கக்கூடும். நட்டு 3 ஆண்டுகள் ஆகாத கன்றுகளுக்கு மட்டும் தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள், அவை வாடிவிடும்.