மகனை அனுப்பிய வீட்டில் மகளுக்கு மறியலா?

கேள்வி: மகளுக்குக் கொழும்பில் கணக்கியல் படிப்பும் ஒரு கம்பனியில் பயிற்சி வேலையும் கிடைத்திருக்கிறது. வெள்ளவத்தையில் போடிங்கும் பார்த்தாயிற்று. ஆனால் ரிவியைப் போட்டால் துப்பாக்கிச் சூடு, கத்திக்குத்து, சங்கிலி அறுப்பு. 2009 இல் மூன்று வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஷெல்லடிக்குள்ளால் ஓடிக் காப்பாற்றிய பிள்ளை. அவளை அந்த ஊருக்கு விட மனம் வரவில்லை. தமையன் இரண்டு வருடமாக அங்கேதான் வேலை செய்கிறான். அவன் ஆம்பிளைப் பிள்ளை, சமாளித்துக்கொள்வான். மகளை மறித்து வைத்திருக்கிறேன். நான் செய்தது சரியா?
— ஒரு தாய், தருமபுரம்

பதில்: சரியில்லை, அம்மா. ஷெல்லடிக்குள்ளால் பிள்ளையைத் தூக்கி வந்த உங்களிடம் ‘பயப்படாதீர்கள்’ என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. பயப்படுங்கள். ஆனால் உங்கள் பயம் ஆள் மாறி நிற்கிறது, பொருளும் மாறி நிற்கிறது.

முதலில் துப்பாக்கி. ரிவியில் வரும் சூடுகளில் பெரும்பாலானவை போதைப்பொருள் விற்கும் பாதாளக் குழுக்கள் தங்களுக்குள் தீர்க்கும் கணக்கு. 2025 பெப்ரவரியில் புதுக்கடை நீதிமன்றத்துக்குள் வைத்தே பாதாளக் குழுவைச் சேர்ந்த கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டவன் சட்டத்தரணி உடையில் வந்தான். துப்பாக்கி, நடுவில் குடைந்த சட்டப் புத்தகத்துக்குள் வந்தது. இன்ன ஆள், இன்ன இடம், இன்ன நேரம் என்று குறித்துச் செய்யும் வேலை இது. கணக்கியல் படிக்கப் போகிற பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை. வழியில் நின்றவருக்குச் சூடு படுவதும் உண்டு, மறைக்கவில்லை. சத்தம் கேட்டால் விழுந்து படுக்கவேண்டும் என்று வன்னியில் யாருக்கும் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்: எழும்பிப் போய்ப் பார்க்கவும் கூடாது, போனில் படம் எடுக்கவும் கூடாது.

இப்போது உங்கள் மகன். தெருவில் வெட்டுப்படுகிறவர்களிலும் சூடுபடுகிறவர்களிலும் பெரும்பகுதி இளம் ஆண்கள். எங்கள் பக்கத்து வாள்வெட்டிலும் வெட்டுகிறவனும் பெடியன், வெட்டு வாங்குகிறவனும் பெடியன். பாரில் தொடங்கிய வாய்த்தர்க்கம், மோட்டார் சைக்கிள் உரசியதில் வந்த சண்டை, சிநேகிதனின் பகைக்குத் துணைபோனது என்று காரணம் சின்னதாகத்தான் இருக்கும். ‘ஆம்பிளை, சமாளிப்பான்’ என்று நீங்கள் விட்ட பிள்ளைக்குத்தான் கத்தி கூடக் கிட்ட நிற்கிறது. வேலை முடிந்து எத்தனை மணிக்கு வருகிறான், ஆரோடு திரிகிறான் என்று இந்த இரண்டு வருடத்தில் ஒருநாளாவது கேட்டீர்களா? மகளிடம் கேட்கும் கேள்வியில் பாதியையாவது அவனிடமும் கேளுங்கள். பத்து மணிக்குப் பிறகு தெருவில் வம்புக்கு இழுத்தால் தோற்றவன்போல விலகி வருவதுதான் கெட்டித்தனம் என்று அவனுக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும். சிநேகிதர் சொல்ல மாட்டார்கள்.

மகளுக்கு உண்மையில் நடக்கக்கூடியது பறிப்பு. அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதி தப்பலாம். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். ஓட்டுகிறவன் பின்னாலிருந்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருவான், பின்னால் இருப்பவன் கையை நீட்டுவான். இழுத்ததும் வேகம் எடுப்பான். நடக்கிறவர் வாகனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டும், பையைத் தெருப்பக்கத் தோளில் போட்டுக்கொண்டும், போனைக் காதில் வைத்துக்கொண்டும் போனால் அவனுக்கு வேலை சுலபம். எங்கள் நாட்டில் வாகனம் இடப்பக்கத்தால் போகிறது. ஆகவே தெருவின் வலப்பக்கத்தால் நடந்தால் கிட்டே வரும் வாகனம் முகத்துக்கு நேரே வரும். பை மதில் பக்கத் தோளில், கை அதன்மேல். அழைப்பு வந்தால் நடந்துகொண்டே பேசாமல் ஒரு கடைக்குள் ஏறி நின்று பேசட்டும். ஆட்டோவில் போனால் பையை மடியிலோ அருகிலோ வைக்காமல் காலுக்கிடையில் கீழே வைக்கவேண்டும், சமிக்ஞை விளக்கில் நிற்கும்போதுதான் கை உள்ளே வரும். பஸ்ஸில் யன்னலோரம் இருந்து போன் பார்ப்பதும் அப்படித்தான்.

பையின் வாரைக் கையில் சுற்றிப் பிடிக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வது. ஓடுகிற மோட்டார் சைக்கிள் வாரை இழுக்கும்போது சுற்றிய கை கழன்று வராது, ஆள் தாரில் இழுபட்டுப் போவார். தலை அடிபடுவதும் கை முறிவதும் இப்படித்தான். உடம்புக்குக் குறுக்கே மாட்டுகிற பையிலும் இதே ஆபத்து இருக்கிறது. இழுத்தால் விடவேண்டும். விடும் மனம் வரவேண்டுமென்றால் பைக்குள் உயிர்போகிற பொருள் இருக்கக்கூடாது. அடையாள அட்டை வேறிடம், வங்கி அட்டை வேறிடம், பஸ்ஸுக்கு ஐந்நூறு ரூபாய் வெளிப் பொக்கற்றில். அட்டை உறையில் இரகசிய எண்ணை எழுதி வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைக்கே கிழித்துப் போடச் சொல்லுங்கள்.

சங்கிலி? கழற்றி வையுங்கள். இடம்பெயர்வில் எங்கள் பெண்கள் ஒவ்வொரு பவுணாக விற்றுத்தான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள், அதனால் கழுத்து வெறுமையாக இருந்தால் எங்களுக்கு ஏதோ செய்யும். அது எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒரு பவுண் எட்டுக் கிராம், இன்றைய விலையில் அது ஒருவனுக்குப் பல மாதச் சம்பளம். தடித்த சங்கிலி உடனே அறாது. அறாத சங்கிலி கழுத்தைத்தான் வெட்டும்.

பறிபோன பிறகு செய்வதில் ஒழுங்கு இருக்கிறது, இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். எல்லோரும் முதலில் பொலிசுக்கு ஓடுகிறார்கள். அதற்கு முன், அருகில் நிற்பவரின் போனை வாங்கி வங்கிக்கு அழைத்து அட்டையை மறிக்கவேண்டும். தட்டிச் செலுத்தும் அட்டைக்குச் சிறு தொகைகளில் இரகசிய எண் தேவையில்லை. அடுத்தது சிம். போன் பூட்டியிருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் (OTP) அங்கே போய்ச் சேரும். இதைத் தடுக்க சிம்முக்கே ஒரு பூட்டு இருக்கிறது, போனின் அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குள் போய் அதைப் போடலாம். ஆரம்ப எண்ணை சிம் கம்பனியிடம் கேளுங்கள். ஊகித்துப் போட்டு மூன்று தரம் பிழைத்தால் சிம் பூட்டிக்கொள்ளும். போகமுன்பு *#06# அழுத்தினால் வரும் 15 இலக்கங்களை, அதாவது போனின் அடையாள எண்ணை (IMEI), எழுதி வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். முறைப்பாட்டில் அந்த இலக்கம் இல்லாவிட்டால் போனைத் தேடுவது கஷ்டம்.

முறைப்பாடு கட்டாயம். ‘போனது போகட்டும், பொலிசுக்குப் போனால் கரைச்சல்’ என்பது எங்கள் சனத்தின் வாய்ப்பாடம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்த காலம் எனக்கும் தெரியும். ஆனால் முறையிடாத பறிப்பு நடக்காத பறிப்பு. அந்த ஒழுங்கைக்கு விளக்கும் வராது, ரோந்தும் வராது, நாளைக்கு அதே இடத்தில் இன்னொரு பிள்ளை விழுவாள். தமிழ் 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்திலிருந்து ஆட்சிமொழி. தமிழில் வாக்குமூலம் கொடுக்கக் கேட்பது சலுகை கேட்பது அல்ல. சிங்களத்தில் எழுதினால் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்கவேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதிய உத்தியோகத்தரின் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளட்டும், அடையாள அட்டை திரும்ப எடுக்கவும் அது வேண்டும். முகம் ஞாபகமில்லை என்று வெறுங்கையோடு வரத் தேவையில்லை. தலைக்கவச நிறம், பின்னால் இருந்தவனின் செருப்பு, இலக்கத்தகட்டின் கடைசி இரண்டு எண், எந்தத் திசையால் போனான் என்பவை போதும். எதிர்க் கடையில் கமரா இருந்தால் அன்றைக்கே சொல்லவேண்டும், பழைய பதிவின்மேல் புதியது ஏறி அழிந்துபோகும்.

அவசரத்துக்குப் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, பெண்களுக்கான உதவி 1938. 1990 இலவசம். கத்தி குத்தி நின்றால் பிடுங்கக்கூடாது. பிடுங்கினால் அடைத்து நின்ற இரத்தம் பாயும். சுற்றிவர துணியால் அழுத்திப் பிடித்தபடி இருக்கவேண்டும். வெறும் வெட்டுக்காயம் என்றால் பத்து நிமிடம் கையெடுக்காமல் அழுத்தவேண்டும், நின்றுவிட்டதா என்று திறந்து திறந்து பார்த்தால் நிற்காது. அரச வைத்தியசாலையில் ‘விழுந்துவிட்டேன்’ என்று சொல்லாமல் நடந்ததைச் சொன்னால்தான் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு வழி திறக்கும்.

பறிப்பைவிட அடிக்கடி நடப்பது பஸ்ஸில் நடக்கும் கைச்சேட்டை. ரிவியில் அது வராது. தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்கீழ் அதற்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு. சத்தம்போட்டுச் சொல்லவேண்டும், சிங்களத்தில் சொன்னால் பஸ் முழுக்கத் திரும்பும். ‘அயின் வென்ன’ என்றால் விலகு. ‘மட்ட உதவ் கரன்ன’ என்றால் எனக்கு உதவுங்கள். ‘பொலிசியட்ட கோல் கரன்ன’ என்றால் பொலிசுக்கு அழையுங்கள். இந்த மூன்றையும் வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். மனத்துக்குள் படித்தது அந்த நேரம் தொண்டையால் வராது.

போடிங்கைப் பகல் பதினொரு மணிக்குத்தானே போய்ப் பார்த்தீர்கள்? இரவு ஏழரைக்குப் பாருங்கள். பஸ் தரிப்பிடத்திலிருந்து ஒழுங்கைக்குள் நடந்து விளக்கு எங்கே முடிகிறது, அந்த நேரம் திறந்திருக்கும் கடை எது என்று கவனியுங்கள். அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, இரண்டாவது திறப்பு ஆரிடம், குளியலறை வெளியிலா என்று வீட்டுக்காரரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். எங்கள் ஊரில் ஒரு பெட்டை ஒழுங்கையால் போனால் நாலு படலையிலிருந்து ‘எங்க பிள்ளை போறாய்?’ என்று கேட்பார்கள். நீங்கள் இழக்கப் பயப்படுவது அந்தக் கண்களைத்தான் என்று நினைக்கிறேன். கொழும்பில் அது தானாகக் கிடைக்காது, தேடிக்கொள்ளவேண்டும். மூலைக்கடைக்காரர், எதிர் மாடிவீட்டுக் காவலாளி, மேல்வீட்டு அன்ரி என்று மூன்று பேருக்கு மகளின் முகம் தெரியவேண்டும். முதல் கிழமையே கடையில் சாமான் வாங்கி, பெயர் சொல்லிப் பழகட்டும்.

முதல் பயணத்தில் நீங்களும் போங்கள். இரவு பஸ் விடியமுன் நாலு, ஐந்து மணிக்கே போய்ச் சேர்ந்துவிடும். இருட்டோடு புறக்கோட்டையில் இறங்கி ஆட்டோவுக்கு விலை பேசவேண்டாம். வெள்ளவத்தை வரை போகும் பஸ்ஸில் ஆசனம் பதியுங்கள். செயலியில் பிடித்த ஆட்டோ என்றால் ஏறமுன் இலக்கத்தகட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். மகனைத் தரிப்பிடத்துக்கு வரச் சொல்லுங்கள். அன்றிரவு அவன் தன் அறைக்குத் திரும்பும்போது எந்த வழியால், எதில் போகிறான் என்று அவனிடமும் கேளுங்கள், போய்ச் சேர்ந்ததும் அழைக்கச் சொல்லுங்கள்.