சமார்ஸ்கைட் கல்லுக்குக் கோடி ரூபாயா?

கேள்வி: ஆந்திராவின் நெல்லூர் பக்கம், கூடூர் அருகே என் மாமனாரின் நிலத்தை ஒட்டிப் பழைய மைக்காச் சுரங்கத்தின் கழிவு மேடு இருக்கிறது. அங்கே கைப்பிடி அளவில் கறுப்புக் கல் ஒன்று கிடைத்தது. அளவுக்கு மீறிய கனம். சென்னையிலிருந்து வந்த ஒருவர் கருவி வைத்துப் பார்த்து, "இது சமார்ஸ்கைட், கோடிக்கு மேல் போகும்" என்கிறார். ஆய்வுக்கூடச் சான்றிதழுக்கு முன்பணமாக 2 லட்சம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கல் உண்மையிலேயே சமார்ஸ்கைட் என்ற கதிர்வீச்சுள்ள கறுப்புக் கனிமமாக இருக்கலாம். நெல்லூர் மைக்கா வட்டாரத்தில் அது கிடைப்பது புவியியலாளர்களுக்குப் பழைய செய்தி. நீங்கள் அனுப்பிய படத்தில் உடைந்த முகம் கண்ணாடிச் சில்லு போல வளைந்து பளபளக்கிறது. ஒட்டியிருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற பாறைக் கனிமம் செங்கல் நிறத்தில் சிவந்திருக்கிறது. கறுப்புக் கல்லைச் சுற்றி நாலாபக்கமும் வெடிப்புகள் ஓடுகின்றன. உள்ளே யுரேனியமோ தோரியமோ இருந்தால் இப்படி ஆகும். கோடிக்கணக்கான ஆண்டுகளில் கனிமம் தன் கதிர்வீச்சாலேயே தன் படிக ஒழுங்கைச் சிதைத்துக்கொண்டு பருக்கிறது, பக்கத்துப் பாறையைப் பிளக்கிறது.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கல்லை எடை போட்டுவிட்டு, அளவுக்கோடு போட்ட பாத்திரத்துத் தண்ணீரில் முழுக்க அமிழ்த்துங்கள். கிராம் எடையை, ஏறிய தண்ணீரின் மில்லிலிட்டரால் வகுங்கள். 5-ஐத் தாண்டினால் மேற்கொண்டு பேசலாம். 3-ஐ ஒட்டி வந்தால் பெரும்பாலும் கறுப்பு டூர்மலின் என்ற சாதாரணக் கனிமம். காந்தம் இழுத்துப் பிடித்தால் மாக்னடைட் என்ற இரும்புத்தாது. ஒட்டியிருக்கும் ஃபெல்ட்ஸ்பார் எண்ணைக் குறைத்துக் காட்டும். அதற்காகக் கல்லை உடைக்காதீர்கள், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.

பெயர் சூட்டுவது அவ்வளவு எளிதல்ல. சமார்ஸ்கைட், ஃபெர்குசனைட், யூக்சனைட் மூன்றிலும் நியோபியம் என்ற உலோகமும் அருமண் தனிமங்களும் (rare earths) உண்டு. மூன்றும் கறுப்பு, மூன்றும் கனம். படிக ஒழுங்கு சிதைந்துபோனதால் எக்ஸ்-கதிர் சோதனையில் நேரடியாக எதுவும் தெரியாது. சுமார் 1000 டிகிரிக்குச் சூடாக்கி, ஒழுங்கை மீட்டபிறகுதான் பார்க்க வேண்டும். அதோடு வேதியியல் பகுப்பாய்வும் தேவை: யிட்ரியமும் அருமண் தனிமங்களும் மேலோங்கினால் சமார்ஸ்கைட், யுரேனியம் மேலோங்கினால் இஷிகவாயிட், கால்சியம் மேலோங்கினால் கால்சியோசமார்ஸ்கைட். வாசலில் நின்றபடி கையில் கருவியை நீட்டிப் பெயர் சொல்பவர் பொய் சொல்கிறார். கருவி 'கீச்' என்று கத்தினால் கதிர்வீச்சு உண்டு என்று மட்டுமே பொருள். தோரியம் கலந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலுக்கு முன்னால் வைத்தாலும் அது கத்தும்.

இரிடியம், கோபுரக் கலசம் என்று சொல்லிப் பணம் பறித்த அதே கும்பல்களின் பாணி இது. முதலில் கருவி, அடுத்து 'விஞ்ஞானி', பிறகு வெளிநாட்டு வாங்குபவர், கடைசியில் முன்பணம். உலகின் நியோபியத்தில் பெரும்பகுதி பிரேசிலில் பைரோகுளோர் என்ற தாதுவைத் தோண்டும் சுரங்கங்களிலிருந்து வருகிறது. உங்கள் கைப்பிடிக் கல்லை எந்தத் தொழிற்சாலையும் தேடவில்லை.

இப்போது தரகர்கள் புதிதாக ஒன்று சொல்கிறார்கள்: "2023-இல் நியோபியத்தை அணுக்கனிமப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், தாராளமாக விற்கலாம்." பாதி உண்மை. அந்த ஆண்டு கனிமச் சட்டத் திருத்தத்தில் நியோபியம், டான்டலம், லித்தியம் உள்ளிட்டவை பட்டியலிலிருந்து நீங்கியது சரி. ஆனால் யுரேனியமும் தோரியமும் கலந்த அருமண் கனிமங்கள் அணுக்கனிமங்களாகவே தொடர்கின்றன. உங்கள் கல்லில் நியோபியம் இருப்பதை மட்டும் அவர் பேசுவார். கூடவே இருக்கும் யுரேனியத்தைப் பேசமாட்டார். ஆனால் அதைக் காட்டித்தானே முதலில் கருவியைக் கத்தவைத்தார்! நீங்கிய கனிமங்களும் நினைத்தவர் தோண்டி விற்பதற்கல்ல. அவை முக்கியக் கனிமப் பட்டியலுக்குப் போய்விட்டன, குத்தகை ஏலத்தை ஒன்றிய அரசே நடத்துகிறது. சொந்த நிலத்திலேயே கிடைத்திருந்தாலும் இந்தக் கல்லை விற்கும் உரிமை வந்துவிடாது.

கல் கிடைத்த இடத்தையும் படத்தையும் ஐதராபாத்தில் உள்ள, ஒன்றிய அணுசக்தித் துறையின் அணுக்கனிம இயக்ககத்துக்கு எழுதுங்கள். கல்லைத் தபாலில் அனுப்ப வேண்டாம். பதில் தாமதமாகலாம். உள்ளூர் அலுவலகத்துக்குப் போனால் வேறொரு அலுவலகத்தைக் காட்டுவார்கள். தகவல் சொல்ல வந்தவரைத் திருடனைப் போல் விசாரித்தனுப்பும் வழக்கம் இன்னும் போகவில்லை. சாதாரண மனிதருக்குப் புரியும் மொழியில் ஒரு பக்க விளக்கத்தைக்கூட வாசலில் ஒட்டிவைக்க இவர்களுக்கு மனம் வருவதில்லை. தரகர்கள் பிழைப்பது அந்த இடைவெளியில்தான். என்றாலும் எழுதுங்கள், நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

அதுவரை கல்லை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான கொட்டகையில் வையுங்கள். படுக்கையறையிலும் பூஜை அறையிலும் வேண்டாம். தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த நபர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய எதையும் அழிக்காதீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது தேவைப்படும்.