துப்பாக்கி சுத்தம் செய்ய வீட்டிலேயே வைஸ் (பொருளை ஆடாமல் பிடித்து வைக்கும் கருவி) செய்துகொள்ள முடியுமா?

முடியும். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மேசையில் அப்படி ஒன்று மூன்று வருடமாக இருக்கிறது. மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள், அவளுக்காகச் செய்தது.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். நான் ஃபிட்டர். அந்தத் தைரியத்தில் ரைஃபிளை இரும்பு வைஸில் வைத்து, நடுவில் பழைய துணியை மடித்துக் கொடுத்து இறுக்கினேன். ஸ்டாக் மரத்தில், அதாவது கையால் பிடித்துத் தோளில் வைக்கும் கட்டையில், இரண்டு பக்கமும் பல் பதிந்துவிட்டது. மகள் எதுவும் சொல்லவில்லை. அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

துப்பாக்கிக்குத் தொட்டில் மாதிரி ஒன்று இருந்தால் போதும். எடை முழுக்க அதில் உட்கார வேண்டும், பிடி ஆடாமல் இருக்கும் அளவுக்கு இருந்தால் சரி.

18 மி.மீ. பிளைவுட்டில் 75 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலத்துக்கு அடிப்பலகை. அதன் மேல் 40 செ.மீ. இடைவெளியில் இரண்டு கவைகள், துப்பாக்கி உட்கார நடுவில் பள்ளம் விட்ட தாங்கிகள். முன்கவை ஸ்டாக்கின் முன்பகுதியைத் தாங்கும், பின்கவை தோளில் வைக்கும் பக்கத்தை. முன்கவையை 3 செ.மீ. தாழ்வாக வையுங்கள். குழாய் வாய் சற்றுக் கீழே சாய்ந்திருந்தால் எண்ணெயும் அழுக்கும் டிரிகர் பக்கம் இறங்காது. இதை யாரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் முக்கியம்.

பின்கவையில்தான் பிடி. ஒரு பக்கச் சுவர் அசையாதது. எதிர்ச் சுவரில் நட் பதித்து, எம்8 (8 மி.மீ. தடிமன்) போல்ட் ஒன்று ஒரு மரத்துண்டைத் தள்ளும்படி செய்தேன். எம்8 போல்ட் ஒரு முழுச் சுற்றுக்கு 1.25 மி.மீ. நகரும். மரத்துண்டு தொட்டதும் அரைச் சுற்று, அவ்வளவுதான். ஸ்பானர் போட முடியாதபடி போல்ட் தலையில் மரக் கைப்பிடி மாட்டிவிட்டேன், கைக்கு மேல் பலம் போகக் கூடாது என்று. குழாயையோ காற்று சிலிண்டரையோ எந்தக் காரணத்துக்காகவும் பிடியில் கொடுக்காதீர்கள். சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தம் இருக்கும்.

உள்பக்கமெல்லாம் கெட்டியான ஃபெல்ட் (கம்பளி போன்ற தடித்த துணி) ஒட்டினேன். போல்ட், நட், ஃபெல்ட் எல்லாம் எஸ்.பி. ரோட்டில் ஒரே நடையில் கிடைத்தன. பலகையை அறுத்துக் கொடுத்தது தெருமுனை ஆசாரி. ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க மறக்க வேண்டாம். வேலை முடிந்ததும் துப்பாக்கியை அதிலேயே விட்டுவைக்கவும் கூடாது. மழைக்காலத்தில் ஃபெல்ட் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இரும்பு துருப்பிடிக்கும்.

தொட்டிலில் வைக்கும் முன் உள்ளே பெல்லட் (சிறு குண்டு) இல்லை என்று கண்ணால் பாருங்கள். சிலிண்டரைக் கழற்றி வையுங்கள். சுடும் பயிற்சி ரேஞ்சில் குழாய் முழுக்க நுழைத்து வைக்கும் பளிச்சென்ற நிறப் பாதுகாப்புக் கயிறு இருக்கிறதே, அதை வீட்டிலும் போட்டு வைக்கிறாள் மகள். சுத்தம் செய்யும் நேரம் மட்டும்தான் அது வெளியே வரும்.

உங்களிடம் இருப்பது லைசென்ஸ் துப்பாக்கி என்றால், துடைத்து எண்ணெய் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழுதுபார்க்கவே லைசென்ஸ் வேண்டும் என்கிறது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதற்கென்று அனுமதி பெற்ற கடையில் கொடுப்பதுதான் முறை.

அப்புறம், பெல்லட் ஈயம். துடைத்த துணியைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாமல் தனியாகக் கட்டிப் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.