குட்டி யானை பின்னால் இரண்டு குதிரை

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். கல்யாண ஊர்வலம், கோவில் திருவிழாவுக்கு அனுப்ப இரண்டு குதிரை வைத்திருக்கிறேன். வருடத்துக்கு 30 சவாரி வரும். ஆடியில் அந்தியூர் சந்தைக்கும் போவேன். ஒரு நடைக்கு வண்டி வாடகை மட்டும் 5,000 ரூபாய். ஒரு டிரெய்லர் செய்து, என்னிடம் இருக்கும் குட்டி யானையில் (டாடா ஏஸ் வண்டி) மாட்டி இழுக்கலாமா? இல்லை, 25 லட்சம் கடன் போட்டு ஹைலக்ஸ் மாதிரி பெரிய பிக்கப் எடுக்கலாமா?

பதில்: குட்டி யானை வேண்டவே வேண்டாம். குதிரை ஒன்றுக்கு 400 கிலோ என்றால் இரண்டும் 800. இரும்பு டிரெய்லர் வெறுமனே 900 வரும். தீவனம், தண்ணீர், சேணம் 100. ஆக 1,800 கிலோ. குட்டி யானை முதுகில் சுமப்பதே முக்கால் டன்தான்.

மேட்டில் இழுக்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தொப்பூர் கணவாய் இறங்கும்போது நிற்குமா என்று கேளுங்கள். இரட்டைப் பாலம் பக்கம் சக்கரத்தில் புகையோடு நின்ற லாரியைப் பார்க்காதவர் நம் மாவட்டத்தில் யார்? பின்னால் 1,800 கிலோ முட்டித் தள்ளும், அதிலும் உயிருள்ள பாரம், வளைவில் கால் மாற்றி நிற்கும். டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும், கொக்கி கழன்றால் பிடிக்கச் சங்கிலி வேண்டும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 180 முதல் 270 கிலோ, கொக்கியில் அமர வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். இறக்கத்தில் கியரிலேயே வாருங்கள். நியூட்ரலில் டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் இங்கே ஆகாது.

பெரிய பிக்கப்புக்கு இந்தப் பாரம் பெரிதில்லை. வெளிநாட்டில் ஹைலக்ஸ் 3.5 டன் வரை இழுக்கிறது. ஆனால் அதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்; இங்கே விற்கும் மாடலின் கையேட்டில் எழுதியிருப்பதுதான் கணக்கு. டிரெய்லருக்கும் தனிப் பதிவு, தனி இன்சூரன்ஸ் உண்டு. பட்டறைக்காரரிடம் போகும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரியுங்கள். ஓன் போர்டில், அதாவது சொந்த உபயோகப் பதிவில், வாங்கி வாடகைக்கு ஓட்டினால், விபத்தன்று கிளைம் சிக்கலாகும்.

இனி பணம். 25 லட்சம், 7 வருடம், 10 சதவீத வட்டி என்றால் மாதம் 41,500 தவணை. வருடத்துக்கு ஏறக்குறைய 5 லட்சம். நீங்கள் இப்போது கொடுக்கும் வாடகையோ ஒன்றரை லட்சம். குதிரை சம்பாதிப்பதை எல்லாம் வண்டி தின்றுவிடும்!

டிரெய்லரே இல்லாமல், 9 அடி பாடி உள்ள ஒன்றரை டன் பிக்கப்பைப் பழையதாக வாங்கலாம். குதிரை ஒன்றுக்கு 2.25 சதுர மீட்டர் இடம் விடவேண்டும் என்பது விதி. நடுவில் தடுப்பு வைத்தால் இரண்டு நிற்கும். 6 லட்சம் கடனுக்கு 5 வருடம், 12 சதவீதத்தில் வருடத் தவணை 1.6 லட்சம். இன்சூரன்ஸ், எஃப்சி (தகுதிச் சான்று), டயருக்கு 60,000 சேருங்கள். டீசலும் டோலும் ஒரு நடைக்கு 1,500 என்றால் வாடகையில் மிச்சம் 3,500. வருடத்துக்கு 63 நடை ஓடினால்தான் கைக்கு நட்டமில்லை. உங்களுக்கு அதில் பாதிகூட இல்லை.

அதனால் இந்த வருடம் வாடகையே போதும். பழகின டிரைவர் ஒருவரிடமே மொத்த நடையையும் பேசி ரேட்டைக் குறையுங்கள். கையில் 20,000 இருந்தால் தளத்துக்குத் தடித்த ரப்பர் மேட்டும், ஏறி இறங்க வழுக்காத சாய்வுப் பலகையும் செய்துகொள்ளுங்கள். நாளை எந்த வண்டி வாங்கினாலும் இரண்டும் உதவும்.