ராஜினாமா கடிதம் டிராஃப்டிலேயே இருக்கட்டும்

கேள்வி: எனக்கு வயது 32. ஒன்பது வருடமாக சாஃப்ட்வேர் வேலை. காலேஜில் விடிய விடிய கோட் எழுதியவன் நான். இப்போது ஆறு மாதமாக எடிட்டரைத் திறந்து வைத்துவிட்டு வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சின்ன டிக்கெட்டை, அதாவது ஒதுக்கித் தரும் ஒரு குட்டி வேலையை, முடிக்கவே மூன்று நாள் ஆகிறது. வேலையை விட்டுவிட்டு, இரண்டரை லட்சம் கட்டி ஏஐ கோர்ஸ் ஒன்றில் சேரலாமா என்று யோசிக்கிறேன். மனநல மருத்துவரைப் பார்த்தால் ஆபீஸுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.
- வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: அந்த இரண்டரை லட்சத்தை இன்னும் கட்டிவிடவில்லையே? கட்டவில்லை என்றால் மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் மனநல மருத்துவர், கோட் எனக்குத் தெரியாது. ஆனால் ஓஎம்ஆர் பக்கமிருந்து என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்தக் கோர்ஸ் கதையோடுதான் வருகிறார்கள். விளம்பரத்தை ஒருமுறை தட்டியிருப்பார்கள். பத்து நிமிடத்தில் ‘கேரியர் கவுன்சிலர்’ போன் செய்வார். பெயர்தான் கவுன்சிலர், பார்ப்பது விற்பனை வேலை. இன்றைக்குள் சேர்ந்தால் தள்ளுபடி, மாதத் தவணைதான், வட்டியே இல்லை என்பார். ஒரு லிங்க் வரும், ஓடிபி வரும். அந்த ஓடிபியைப் போட்டதும் நீங்கள் ஒப்புக்கொள்வது கோர்ஸை மட்டுமல்ல, ஒரு கடனையும்தான். கடன் கொடுப்பது வேறொரு நிதி நிறுவனம். கோர்ஸ்காரர் தன் பணத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார். மூன்றாவது வாரம் ‘என்னால் முடியவில்லை’ என்று நீங்கள் வகுப்பை விட்டாலும் தவணை நிற்காது. கட்டாமல் விட்டால் சிபில் ஸ்கோர் விழும், நாளை வீட்டுக்கடன் கேட்கும்போது வந்து நிற்கும். களைத்துப்போனவன் ராத்திரி பதினொரு மணிக்கு எடுக்கும் முடிவை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

‘மைண்ட்செட் கோச்’, நான்கு நாள் ரிசார்ட் முகாம் எல்லாம் இதே ரகம். நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் பலகையில் கவுன்சிலர் என்று எழுதிக்கொள்ளலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லாமல் தன்னம்பிக்கைக் கதை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, உங்கள் விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் ‘பர்ன் அவுட்’ இருக்கிறது, ஆனால் நோயாக அல்ல, வேலை சார்ந்த ஒரு நிலையாக. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி எரிச்சலாவது, முன்பு போல வேலை ஓடாதது என்று மூன்று அடையாளம் சொல்கிறார்கள். உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. ஆனால் இது வேலையோடு நிற்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கோட் மட்டும் கசக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் கசக்கிறதா? கிரிக்கெட், நண்பர்கள், வீட்டுக் குழந்தை எதுவுமே இரண்டு வாரத்துக்கு மேல் ஒட்டவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, தள்ளிப்போடாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ், அரசின் சேவை, இலவசம், தமிழில் பேசலாம். தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் மூன்றுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். தைராய்டு குறைந்தாலும் ஆள் இப்படித்தான் மந்தமாவார்.

ராஜினாமா செய்தால் ஓய்வு கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள். கிடைப்பது பெரும்பாலும் 90 நாள் நோட்டீஸ் பீரியட். அந்த மூன்று மாதமும் வேலையை அடுத்தவருக்குக் கைமாற்றும் கேடி மீட்டிங் தினமும் இருக்கும், நீங்கள் எழுதி உங்களுக்கே மறந்துபோன பழைய கோட் முழுவதையும் வேறொருவருக்கு விளக்க வேண்டும். அதனால் முதலில் விடுப்பு. தொடர்ச்சியாக இரண்டு வாரமாவது வேண்டும், லேப்டாப்பைக் கையில் எடுக்கக் கூடாது. ஈட்டிய விடுப்பைச் சேர்த்து வைத்திருந்தால் அதை இதற்குச் செலவழியுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு. நீங்கள் ஆன்-கால், அதாவது எந்நேரம் சிஸ்டம் பழுதானாலும் எழுந்து சரிசெய்யும் முறை, பார்ப்பவரா என்று எழுதவில்லை. பார்ப்பவர் என்றால் விடுப்பில் அவசரப்படாதீர்கள். புரொடக்‌ஷன் அலர்ட்டுக்கு நடுராத்திரி எழுந்து பழகியவர் விடுப்பிலும் அதே நேரத்துக்கு விழிப்பார். போன் அடிக்காது, ஆனாலும் அடிக்குமோ என்று படுத்திருப்பார். முதல் வாரம் இதிலேயே போய்விடும், விடுப்பு எடுத்தும் பிரயோஜனமில்லை என்ற விரக்திதான் மிச்சம். அதனால் முதலில் ஒரு மாதம் ஆன்-கால் சுற்றிலிருந்து மட்டும் விலக்குக் கேளுங்கள். பகல் வேலை அப்படியே நடப்பதால் மேனேஜர் இதற்குச் சுலபமாகத் தலையாட்டுவார். அலர்ட்டுக்கு வைத்திருந்த ரிங்டோனை மாற்றுங்கள், சிரிக்காதீர்கள், அந்தச் சத்தத்துக்கே நெஞ்சு படபடக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி போன் ஹாலில் இருக்கட்டும். தூக்கம் ஒரே சீராக வந்த பிறகு விடுப்பை எடுங்கள்.

ஆபீஸுக்குத் தெரியுமா? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம் என்கிறது. கைக்காசு கொடுத்துப் பார்த்தால் தெரிய வழியே இல்லை. விடுப்புக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் ‘ஓய்வு தேவை’ என்று எழுதினால் போதும். போதும் என்று நான் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் எச்ஆர் என் சான்றிதழை இரண்டு முறை திருப்பி அனுப்பி, நோயின் பெயரைக் கேட்டது. அதே நிறுவனம் வருடா வருடம் மனநல தினத்துக்கு மஞ்சள் பலூன் கட்டுகிறது. காப்பீட்டிலும் இதே கூத்துதான். உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று இதே சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். மாதம் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போகிறவருக்கு ஒரு பைசா இல்லை. செலவு கட்டுப்படியாகாவிட்டால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போகலாம். சினிமா பார்த்து அந்தப் பெயருக்குச் சிரித்துப் பழகிவிட்டோம், அங்கே புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது.

கடைசியாகக் கோட். ‘வீட்டில் ஜாலிக்கு ஒரு புராஜெக்ட் பண்ணு, ஆர்வம் வந்துவிடும்’ என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் சமைத்துவிட்டு வந்தவரை வீட்டில் வடை சுடச் சொல்வது மாதிரி இது. ஓய்வு முடிகிற வரை வேண்டாம். அப்புறம், உங்களுக்கு அலுத்தது கோட்தானா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். எத்தனை மணி நேரம் நீங்களே எழுதினீர்கள், எத்தனை மணி நேரம் மீட்டிங், அப்ரூவல், ஏஐ எழுதிக் கொடுத்ததைச் சரிபார்ப்பது என்று தனித்தனியாக. இப்படிக் குறித்து எடுத்து வந்த ஒருவருக்கு, ஒரு வாரத்தில் சொந்தமாக எழுதியது நான்கு மணி நேரம்கூட வரவில்லை. அவர் வேலையை விடவில்லை, டீமை மாற்றிக்கொண்டார். உங்கள் தாளில் என்ன வருகிறது என்று எழுதுங்கள். அதுவரை அந்தக் கவுன்சிலரின் போனை எடுக்காதீர்கள்.